எங்கள் கரையில் கிடைத்த கிரேக்கத் தலை

போன மாதம் ஷிஃபானா தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு தொல்பொருள் திணைக்களத்தில் என் கதிரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை. கிண்ணியாக்காரி, கெட்டிக்காரி, மூச்சு விடாமல் கதைப்பாள்.

“மிஸ், உங்கட பழைய குழி இருந்த இடத்தில, தோண்டாமலே மண்ணுக்குள்ள பார்க்கிற மெஷினை ஓட்டினனாங்கள். மண்ணுக்குக் கீழ உருண்டையா ஒண்டு தெரியுது. தலை மாதிரிக் கிடக்கு மிஸ். சிலையாத்தான் இருக்கும்!”

“மூக்கு இருக்கோ?” என்று கேட்டேன்.

“மெஷினில மூக்கெல்லாம் தெரியாது மிஸ்.”

“இருக்காது பிள்ளை. அதுக்கு மூக்கு இருக்காது.”

“உங்களுக்கு எப்பிடி மிஸ் தெரியும்?” என்று கத்தினாள். பிறகு, “மிஸ், நீங்கள் எனக்கு முழுக்கதையும் சொல்லவேணும். சொல்லாட்டி எழுதித் தாங்கோ, எங்கட ஆக்கள் எல்லாரும் வாசிக்கட்டும்” என்றாள். எல்லாம் அறிக்கையில் இருக்கிறது. ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அறிக்கை வாசிப்பதைவிட வண்டில் மாதிரி மெஷினைத் தள்ளிக்கொண்டு வெயிலில் நடப்பது சுகமாக இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

நான் தொல்பொருள் வேலைக்கு வந்தது ஆசைப்பட்டு அல்ல. எனக்குப் படம் வரைய வரும், அங்கே படம் வரைய ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் பென்சிலைத் தொடவே விடவில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைக் கையில் தந்து சட்டி ஓடு கழுவச் சொன்னார்கள். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த உடைந்த பானைத் துண்டுகள், கூடை கூடையாக வரும். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், “மகள் என்ன உத்தியோகம்?” என்று கேட்டபோது என் அம்மா, “அரசாங்கத்தில சட்டி கழுவுறாள்” என்று மனம் நொந்து சொன்னார். அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. சரிவராதது நல்லதென்று பிறகு தெரிந்தது, அது வேறு கதை.

என்னைப் படம் வரைய வைத்தவர், அகழ்வு வேலைக்குத் தலைவராக இருந்த குணநாயகம் சேர். நான் பார்த்த மனிதர்களிலேயே மிக மரியாதையானவர், அதனாலேயே மிகவும் பயங்கரமானவர். கோபம் வந்தால் குரல் உயராது. மரியாதைதான் உயரும். “பவளம், இதைத் திருத்துங்கோ” என்றால் சாதாரணம். “மிஸ் பவளம், நேரம் இருந்தால் இதை ஒருக்கால் பார்க்க ஏலுமோ?” என்றால் வேலையில் பிழை. “மிஸ் பவளம் அவர்களே” என்று தொடங்கினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. எப்போதும் ஒரு கறுப்புக் குடை வைத்திருப்பார். வெயிலுக்குக் குழி மேல் பிடிப்பார், மழைக்குக் குழி மேல் பிடிப்பார், தனக்குப் பிடித்து நான் கண்டதில்லை.

மண்ணின் வெட்டுமுகத்தை வரையும்போது பக்கத்தில் வந்து நிற்பார். குழியின் சுவரில் மண் படை படையாகத் தெரியும். மேலே வெளிர் மணல், அதன் கீழ் கரிய மண், அதன் கீழ் சிப்பி கலந்த மண். ஒவ்வொரு படையும் ஒரு காலம். நான் கைப்பழக்கத்தில் ஒரு கோட்டை நேராக இழுத்துவிட்டால், “அந்தக் கோடு மண்ணில இருக்கோ, உங்கட மனசில இருக்கோ?” என்று கேட்பார். நான் அழித்துவிட்டுத் திரும்பப் பார்ப்பேன். கோடு மண்ணில் வளைந்துதான் இருக்கும். பானை ஓடு வரைவதும் அப்படித்தான். ஊசிகள் வரிசையாகக் கோத்த சீப்பு மாதிரி ஒரு கருவி உண்டு. அதை ஓட்டின் விளிம்பில் அழுத்தினால் ஊசிகள் அந்த வளைவை அப்படியே பிடித்துக்கொள்ளும். அதைத் தாளில் வைத்து வரைந்தால் உடைந்த ஒரு துண்டிலிருந்து முழுப் பானையின் வாய் எவ்வளவு அகலம் என்று தெரிந்துவிடும். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் கலியாண வீட்டிலும் கிடைத்ததில்லை.

இனிக் கதைக்கு வருகிறேன். நிலாவெளிக்கு வடக்கே ஒரு கரைவலை ஊர். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் தங்கராசா சம்மாட்டி என்னோடு கதைக்கமாட்டார். சம்மாட்டி என்றால் வலைக்குச் சொந்தக்காரர். ஒரு நீண்ட வலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு, இரு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஊரே இழுக்கும். இழுப்பதற்கு வெறுங்கரை வேண்டும். கல், முள், வேலி எதுவும் இருக்கக்கூடாது. அந்த இடத்தைப் பாடு என்பார்கள். அந்த ஊருக்கு இருந்தது ஒரே ஒரு பாடு. ஊரின் அடுப்பு முழுவதும் அதை நம்பித்தான் எரிந்தது.

ஒரு மாரியில் கடல் அந்தப் பாட்டின் ஓரத்து மணலைத் தின்றுவிட்டது. மழை விட்டதும் பார்த்தால் கடலுக்குள் இறங்கும் கருங்கற் படிகள், அதற்குப் பின்னால் ஒரு சுவரின் அடிவாரம், எங்கு பார்த்தாலும் பானை ஓடுகள். பழைய காலத்துத் துறைமுகம் ஒன்று இருந்திருக்கிறது. நாங்கள் கூடாரமும் அளவு நூலும் மண் சுரண்டும் கரண்டியுமாகப் போய் இறங்கினோம்.

செய்தி பரவியதும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். இது எங்கள் கோயிலின் தீர்த்தப் படி என்றது ஒரு கூட்டம். எங்கள் விகாரைக்குப் போகிற படி என்றது அடுத்த கூட்டம். எங்கள் மார்க்கப் பெரியார் ஒருவர் கப்பலால் வந்து இறங்கிய துறை என்றது மூன்றாவது. சேர் எல்லோருக்கும் பால் விடாத பிளேன்ரீ கொடுத்தார். “உங்கட கருத்தைக் கவனத்தில எடுத்திருக்கிறன்” என்று எல்லோருக்கும் ஒரே வசனத்தைச் சொன்னார். சேர் தங்கள் பக்கம்தான் என்ற திருப்தியோடு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

அப்போதுதான் ஒரு சாடியின் கைப்பிடி கிடைத்தது. எங்கள் பக்கத்து மண் இல்லை. மேற்கே இருந்து கப்பலில் வைன் கொண்டுவரும் இரட்டைக் கைப்பிடிச் சாடியின் துண்டு. எப்படியோ மோப்பம் பிடித்து வந்த ஒரு பத்திரிகைக்காரர் ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் ‘திருகோணமலையில் கிரேக்கர் கட்டிய துறைமுக நகரம்’ என்று எழுதிவிட்டார். சேர் அந்தப் பத்திரிகையை மடித்து ஈரக் கரண்டி துடைத்தார்.

“எங்கட வீட்டில சீனத்துக் கோப்பை இருக்கு. அதுக்காக நான் சீனனோ? சாடி வந்திருக்கு. சாடி வந்தது எண்டு எழுதுவம்” என்றார். அன்றிலிருந்து தளத்தில் ‘கிரேக்கம்’ என்ற சொல்லை யார் சொன்னாலும் அன்றைய ஓடுகள் முழுவதையும் அவர்களே கழுவவேண்டும் என்று சட்டம் போட்டார். அந்தக் கிழமை எங்கள் ஓட்டுநர் மட்டும் நாலு கூடை கழுவினார்.

இத்தனைக்கும் உண்மையான கிரேக்கத் துறைமுக நகரம் ஒன்றைப் பார்த்தவர் எங்களில் சேர் ஒருவர்தான். இளமையில் புலமைப்பரிசில் கிடைத்து, அந்தப் பக்கத்துக் கடற்கரையில் ஒரு இடிபாட்டில் ஒரு கோடை முழுவதும் வேலை செய்தவர். அங்கே எடுத்த படங்களோடு ஒரு தடித்த புத்தகம் வைத்திருந்தார். தூண்கள், படிகள், மூக்குடைந்த தலைகள். ஊர்க்காரர் வந்தால் ஆசையாக விரித்துக் காட்டுவார். அது பிறகு எங்கே கொண்டுபோய் விட்டதென்று இப்போது சொல்கிறேன்.

சேரின் தடையைக் கேட்டு ஊர் கவலைப்பட்டது எனக்கு விசித்திரமாக இருந்தது. மூன்று கூட்டமும் மூன்று பக்கம் இழுக்க, கரைவலைக்காரர் மட்டும் கிரேக்கன் கட்சியில் நின்றார்கள். ஒருநாள் தங்கராசா சம்மாட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவரோடு மஜீது நானா நின்றார். கிண்ணியாவிலிருந்து லொறியில் ஐஸ் கொண்டுவந்து மீன் ஏற்றிப் போகிறவர், சம்மாட்டிக்குச் சகோதரம் மாதிரி.

“மிஸ், சேரிட்டச் சொல்லுங்கோ. இது கிரேக்கன்ட எண்டே எழுதட்டும்.”

“ஏன் சம்மாட்டியார்? உங்களுக்கும் கிரேக்கனுக்கும் என்ன உறவு?”

“ஒரு உறவும் இல்லை, அதுதான் மிஸ் விசயம்” என்றார் மஜீது நானா.

சம்மாட்டி குரலைத் தாழ்த்தினார். “கோயிலுக்காரற்ற எண்டு வந்தால் அவையள் வேலி போடுவினம். விகாரை எண்டு வந்தால் அவையள் போடுவினம். பள்ளிவாசல் எண்டு வந்தாலும் அதே கதைதான். பக்கத்துக் கரையில என்ன நடந்ததெண்டு நாங்கள் பார்த்தனாங்கள். எல்லைக்கல் நட்டாப் பிறகு ஒருத்தனும் அங்க கயிறு இழுக்க ஏலாமல் போச்சு. கிரேக்கன் கப்பலேறி வந்து காணி கேட்பானே மிஸ்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பாதுகாக்கவேண்டிய இடத்தின் எல்லையைத் தீர்மானிக்கக் கொழும்பிலிருந்து ஒரு குழு வர இருந்தது. அது வந்து பாட்டின் நடுவே ஒரு கல்லை நட்டால் அந்த ஊர் வேறெங்கும் போய் வலை வளைக்க இடமில்லை. நான் சேரிடம் சொன்னேன். அவர் குடையை மடித்தார், விரித்தார். “பாவம். ஆனால் மண் சொல்லாததை நான் எழுத ஏலாது, பவளம்” என்றார்.

அந்த வாரம் பௌர்ணமிப் போயா விடுமுறை. குழிக்குத் தறப்பாள் போட்டு மூடிவிட்டு நாங்கள் திருகோணமலை ரவுணுக்குப் போய்விட்டோம். குழு வருவதற்கு முதல் நாள் காலை திரும்பி வந்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது கடல்தான். வெறுமையாகக் கிடந்தது. நல்ல மீன்பாட்டுக் காலம், சூடை மீன் கரைக்கே வந்து துள்ளிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு வலையும் இறங்கவில்லை. ஊர் ஆண்கள் அத்தனை பேரும் சவர்க்காரம் போட்டுக் குளித்து, தோய்த்த சேட் போட்டு, எங்கள் குழியைச் சுற்றித் தேர் பார்க்க வந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

“இண்டைக்கு என்ன விசேசம்?” என்று சேர் கேட்டார்.

“ஒண்டுமில்லை சேர். சும்மா... அறிவை வளர்ப்பம் எண்டு” என்றார் சம்மாட்டி.

வேலை தொடங்கிச் சிறிது நேரத்தில் கரண்டி எதிலோ தட்டியது. சேர் கையை உயர்த்தினார். எல்லோரும் நின்றோம். இப்படியான நேரத்தில் அவர் அவசரப்பட்டதே இல்லை. கரண்டியை வைத்துவிட்டு மூங்கில் குச்சியும் பிரஷும் எடுக்கச் சொன்னார். குச்சியால் மண்ணைத் தளர்த்தி, பிரஷால் தள்ளி, தள்ளிய மண்ணைத் தட்டில் எடுத்து, தட்டு மண்ணைச் சல்லடையில் போட்டு, சல்லடையில் நின்றதைப் பையில் போட்டு, பைக்கு இலக்கத் துண்டு கட்டி, அதன் பிறகுதான் அடுத்த பிரஷ். ஊர் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றது. முதலில் சுருள் சுருளாக முடி தெரிந்தது. பிறகு நெற்றி. பிறகு இரண்டு கண். மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் உடைவு.

“ஐயோ சேர்!” என்று தங்கராசா சம்மாட்டி நெஞ்சில் கை வைத்தார். நாடகத்தில் அவருக்கு அனுபவம் இல்லை, பாவம், கொஞ்சம் முந்திவிட்டார். கழுத்து இன்னும் மண்ணுக்குள் இருந்தது. “இது கிரேக்கத்துப் பொம்பிளையின்ட முகமெல்லோ!”

“சம்மாட்டியார் அவர்களே, நீங்கள் கிரேக்கத்துப் பொம்பிளையளை எங்க கண்டனீங்கள்?”

“உங்கட புத்தகத்தில, சேர்.”

சேர் குடையை மடித்துவிட்டுக் குனிந்தார். மூக்கு உடைந்த இடத்தை உற்றுப் பார்த்தார். நானும் பார்த்தேன். உடைவு புத்தம் புதிது, உள்ளே சாம்பல் நிறச் சிமெந்து. மண்ணை இன்னும் தள்ளியதும், கழுத்துக்குக் கீழே துருப்பிடித்த கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. நிலாவெளிப் பக்கத்து ஹொட்டல் ஒன்றின் தோட்டத்தில் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்ற சிலை அவள். கடல் பொங்கி வந்த வருடம் ஹொட்டலோடு அவளும் உடைந்து போனாள். தலை எங்கே போனதென்று அன்றைக்குத்தான் கண்டேன்.

நான் வாயைத் திறக்கப் போனேன். சேர் என்னைப் பார்க்காமலே, “மிஸ் பவளம், முதல்ல கிடக்கிற மாதிரியே வரையுங்கோ. பிறகு தூக்குவம்” என்றார். வரைந்தேன். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தோம். பிறகு இரண்டு பேர் மெதுவாகத் தலையைத் தூக்கினார்கள்.

அதன் கீழே ஒரு தேங்காய்ப் பாதி இருந்தது. வெள்ளை வெளேரென்று, அப்படியே சம்பல் அரைக்கலாம் போல. பக்கத்தில் கற்பூரம் எரிந்த கரி. ஒரு வெற்றிலை, இன்னும் வாடவில்லை. வெற்றிலை மேல் ஒரு பாக்கு.

முதலில் வாய் திறந்தவர் மஜீது நானா.

“நான் தலைதலையா அடிச்சனான், தேங்காய் வேணாம், தேங்காய் வேணாமெண்டு! கேட்டாத்தானே!”

“பொம்பிளைத் தலை நானா! கண்ணும் மூக்கும் வைச்ச ஒண்டை மண்ணுக்குள்ள சும்மா தூக்கிப் போட ஏலுமே? ஊருக்கு ஆகாது” என்றார் சம்மாட்டி.

“மூக்கை உடைக்கேக்க ஊருக்கு ஆகுமோ?”

“அதுக்குத்தானே கற்பூரம் கொளுத்தி மன்னிப்புக் கேட்டது!”

எனக்கு அடக்க முடியவில்லை. நான் குழிக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடலில் படகு இறக்கினாலும் தேங்காய், புது வலை தொட்டாலும் தேங்காய், வீட்டுக்கு நிலை வைத்தாலும் தேங்காய். அந்த ஊர்க்காரரால் ஒரு கள்ள வேலையைக்கூடத் தேங்காய் உடைக்காமல் செய்ய முடியவில்லை.

சேர் மட்டும் சிரிக்கவில்லை. “மிஸ் பவளம், தேங்காயையும் வரையுங்கோ” என்றார்.

“வெற்றிலையையுமோ சேர்?”

“காம்போட.”

வரைந்தேன். எத்தனையோ வருடத்துத் தொழிலில் நான் வரைந்தவற்றில் மிகத் துல்லியமான படம் அந்தத் தேங்காய்ப் பாதிதான். இன்றும் அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கிறது, ஷிஃபானா போய்ப் பார்க்கலாம்.

பிறகுதான் விஷயத்தின் பாரம் எல்லோருக்கும் உறைத்தது. தோண்டும் இடத்தில் யாராவது கை வைத்தால் மேலே அறிவிக்கவேண்டும். அது சட்டம். அறிவித்தால் பொலிஸ் வரும், கரை முழுவதையும் மூடுவார்கள், விசாரணை முடியும் வரை ஒருவரும் கால் வைக்க முடியாது. வேலிக்குப் பயந்து செய்த வேலை, வேலியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. சம்மாட்டி மணலில் அப்படியே குந்திவிட்டார். அழுதார் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஆனால் அழுதார்.

“சேர், என்னை மட்டும் பிடிச்சுக் குடுங்கோ. பாட்டை மூடாதேங்கோ. பெடி பெட்டையள் இதை நம்பித்தான் சேர் கிடக்குதுகள்.”

சேர் அவருக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம், காற்சட்டை மடிப்புக் கலைந்துவிடும். தான் இளமையில் வேலை செய்த அந்தக் கிரேக்கத் துறைமுகத்தைப் பற்றிச் சொன்னார். “படியெல்லாம் துப்புரவா வைச்சிருக்கினம். சுத்திவர வேலி, வாசலில ரிக்கற். ஆனால் கடல் அங்க இல்லை. ஆத்து மண் வந்து மூடி, கடல் கண்ணுக்கெட்டாத தூரம் போயிட்டுது. நான் அந்தத் துறைமுகப் படியில இருந்து சாப்பிட்டுக்கொண்டு பருத்தித் தோட்டத்தைத்தான் பார்த்தனான். ஒரு படகில்லை, ஒரு ஆள் சத்தமில்லை. அண்டைக்கு எனக்கு என்னவோ பெரிய கவலையாப் போச்சு.”

பிறகு எழும்பி மணலைத் தட்டினார். “நாளைக்குக் குழு வரேக்க வலை இழுப்பீங்களோ?”

“எப்பிடிச் சேர், பொலிஸ்...”

“நீங்கள் வலையை இழுங்கோ. எழுதுறதை நான் எழுதுறன்.”

மறுநாள் குழு வந்தது. தலைவியாக வந்தவர் வெள்ளைப் பருத்திச் சேலை கட்டிய, சிரிக்கவே தெரியாத ஒரு அம்மா. சேர் மறைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் முதலில் அந்தத் தலையையே மேசையில் வைத்தார். தேங்காய்ப் பாதியையும் வைத்தார். ஒரு இரவுக்குள் அது மணக்கத் தொடங்கியிருந்தது.

“மேல்படையில, இந்தக் காலத்துப் பொருள். ஹொட்டல் தோட்டத்துச் சிலை. போயா விடுமுறையில வைச்சிருக்கினம்” என்றார்.

“யார் வைத்தது?”

“இந்தத் துறையைப் பாவிக்கிற ஆக்கள்.”

“எதற்காக?”

“பயத்தில, மெடம்.”

அந்த அம்மா தேங்காயைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். கரையில் அப்போது வலை வந்துகொண்டிருந்தது. சம்மாட்டியும் ஊரும் கயிற்றைத் தோளில் போட்டு, பின்னுக்கு நடந்து இழுத்தார்கள். ஒருவர் முகத்திலும் இரத்தமில்லை. ஏலேலோ பாட்டு கூட அன்றைக்குச் செத்த வீட்டுப் பாட்டு மாதிரிக் கேட்டது.

சேர் அந்த அம்மாவைப் பழைய படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒன்றும் விளக்கவில்லை. குடை நுனியால் மேல் படியின் விளிம்பைக் காட்டினார். கருங்கல்லில் வழவழவென்று தேய்ந்த பள்ளங்கள், பக்கம் பக்கமாக. அவற்றை நான் மாதக்கணக்கில் வரைந்திருந்தேன், தண்ணீர் ஓடித் தேய்ந்ததென்று நினைத்துக்கொண்டு. அந்தப் பள்ளங்களுக்கு மேல்தான் பழைய சிப்பி மண் படையும், சாடித் துண்டும் கிடந்தன. ஆகவே படி தேய்ந்தது அதற்கும் முன்னால். அந்த அம்மா பள்ளத்தைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, கரையில் நீண்டு கிடந்த கயிற்றைப் பார்த்தார். கல்லில் இருந்த பள்ளம் போன திசையும் கயிறு போன திசையும் ஒன்றாக இருந்தன.

“வலைக் கயிறா?” என்று கேட்டார்.

“கயிறு, மெடம். அவ்வளவுதான் கல் சொல்லுது. கப்பல் கட்டின கயிறாவும் இருக்கலாம். வலைக் கயிறு எண்டு நான் எழுதமாட்டன்” என்றார் சேர். பக்கத்தில் நின்ற எனக்கு அவரைக் கடலில் தள்ளிவிடலாம் போல இருந்தது. ஒரு சொல் கூட்டிச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் அவர் தொடர்ந்தார். “இது துறை. கட்டின நாளிலயிருந்து ஆக்கள் இதில நிண்டு கயிறு இழுத்திருக்கினம். இண்டைக்கும் இழுக்கினம். ஆக்களை எடுத்துப்போட்டால் மிச்சம் வெறும் கல். அது என்ட சிபாரிசு.”

அந்த அம்மா நடந்து கரைக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு, கயிறு இழுத்தவர்களுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார். வலை மடி கரையேறியதும் சூடை மீன் வெள்ளியாகக் கொட்டியது. சம்மாட்டி ஒரு கோர்வை மீனை நீட்டினார். வாங்கமாட்டார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டார். மரக்கறி மட்டுமே சாப்பிடும் குணநாயகம் சேரிடம் இதேபோல நீட்டப்பட்ட மீன்கள் அத்தனையும் அவ்வளவு காலமும் மரியாதையோடு என் வீட்டுக் குசினிக்குத்தான் வந்தன.

முடிவு வர மழைக்காலமாகிவிட்டது. எல்லைக்கற்கள் படிகளுக்கும் சுவருக்கும் பின்னால் மேட்டில் நின்றன. பொலிஸ் வரவில்லை, பாடு பாடாகவே இருந்தது. மணல் அள்ளக்கூடாது, கம்பம் நடக்கூடாது, வலை இழுக்கலாம். சேருக்குத் தளத்தைச் சரியாகக் காவல் பார்க்கவில்லை என்று ஒரு கண்டிப்பு வந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க விசில் அடித்தார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

குழியை மூடும் நாள் வந்தது. மூடுவதற்கு முன் அடியில் இந்தக் காலத்துப் பொருள் ஒன்றை வைப்பது எங்கள் தொழில் வழக்கம். பின்னால் எப்போதாவது தோண்டுகிறவர்கள், முன்னே வந்தவர்கள் இதுவரை தோண்டிவிட்டார்கள் என்று அறிவதற்காக. சாதாரணமாக ஒரு சோடாப் போத்தல் போடுவோம். சேர் போத்தலைத் தள்ளிவிட்டு அந்த மூக்கில்லாத தலையைக் கொண்டுவரச் சொன்னார்.

“சம்மாட்டியார், வாங்கோ. இந்த முறை முறைப்படி வைப்பம். தேங்காய் கொண்டுவந்தனீங்களோ?”

கொண்டுவராமல் இருப்பாரா? சேரே உடைக்கவேண்டும் என்று ஊர் பிடிவாதம் பிடித்தது. சேர் தேங்காயை வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தார். பழைய படியில் உடைக்கமாட்டார், அது தொல்பொருள். நடந்து போய் மஜீது நானாவின் லொறி பம்பரில் ஓங்கி அடித்தார். தேங்காய் மூன்றாக உடைந்தது.

“சேர் எல்லாம் படிச்சவர், தேங்காய் மட்டும் படிக்கேல்லை” என்றார் மஜீது நானா, பம்பரைத் தடவிக்கொண்டு.

ஷிஃபானாவின் மெஷினுக்குத் தெரிவது அந்தத் தலைதான். சேர் காலமாகிவிட்டார். இருந்திருந்தால் அவளிடம், “ஷிஃபானா அவர்களே, அறிக்கை வாசிக்க நேரம் கிடைச்சதோ?” என்று கேட்டிருப்பார்.

அவளோடு கதைத்த பிறகு தங்கராசா சம்மாட்டிக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது நன்றாக வயதுபோய்விட்டது, காதும் மந்தம். மெஷின் வந்து போனது அவருக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

“திரும்பத் தோண்டப் போறினமோ மிஸ்? வேலி போடுவினமோ?”

“போடமாட்டினம் சம்மாட்டியார். பயப்படாதேங்கோ.”

“எனக்கென்ன பயம்? தேவையெண்டால் சொல்லுங்கோ, அவளின்ட கை ஒண்டு என்னட்டக் கிடக்கு” என்று சொல்லிச் சிரித்தார். நானும் நன்றாகச் சிரித்துவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

ஆனால் மனம் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை பஸ் ஏறிப் போனேன். சம்மாட்டி கரையில் கயிற்றுப் பக்கம் நின்றார், என்னைக் கவனிக்கவில்லை. வலை வைக்கும் கொட்டிலான அவருடைய வாடிக்குள் எட்டிப் பார்த்தேன். பழைய வலைக் குவியலுக்குப் பக்கத்தில், குடத்தைப் பிடித்தபடி ஒரு சிமெந்துக் கை, முழங்கையோடு. விரல் ஒன்று புதிதாக உடைக்கப்பட்டிருந்தது. அதனருகில் உரித்த தேங்காய் ஒன்று, குடுமியோடு, தயாராக இருந்தது.

வாடி வாசலில் நின்றே ஷிஃபானாவுக்கு அழைப்பு எடுத்தேன். “பிள்ளை, அளவு நூலையும் மெஷினையும் ஒபிசிலேயே வைச்சிட்டு முதல்ல இங்க வாங்கோ. எங்க தோண்டுவீங்கள், எத்தனை நாள், கயிறு எதால போகும் எண்டு சம்மாட்டிக்கு நேரில சொல்லுங்கோ. அவர் காது மந்தம், சத்தமாச் சொல்லுங்கோ. ஊருக்கே கேக்கட்டும்.”

“இப்பவே வரவேணுமா மிஸ்?”

“இப்பவே. தேங்காய் உடைக்க முதல்.”